எழுதாத உயிலுக்கும் ஒரு பயனாளி உண்டு

"நல்ல குடும்பத்துக்கு உயில் எதற்கு?" சொத்துப் பேச்சு எழும் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார், சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கிறார்கள், நாளைக்கு அவர்களே உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்வார்கள். சட்டமும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகத்தானே கொடுக்கிறது. உயில் என்று ஒன்றை எழுதப் போனால்தான் ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் வரும், வழக்கு வரும். உயிரோடு இருக்கும்போதே சாவைப் பற்றி எழுதுவது அச்சானியம் வேறு. படித்தவர், படிக்காதவர், நகரத்தார், கிராமத்தார் என்ற வேறுபாடு இல்லாமல் நம்மிடையே ஊறிப்போன கருத்து இது.

இந்தக் கருத்துக்குப் பெருந்தன்மையின் சாயல் உண்டு. அதனால்தான் இவ்வளவு காலம் எவரும் எதிர்த்துக் கேட்காமல் நிலைத்திருக்கிறது. ஆனால் இது தவறான கருத்து, அநீதியான கருத்தும்கூட. உயில் எழுதாமல் போகிறவர் யார் பக்கமும் சாயாமல் போய்விட்டார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் பக்கம் சாய்ந்துவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார். மூலப் பத்திரம் யார் பீரோவில் இருக்கிறது, வாடகையை யார் வசூலிக்கிறார், தாலுகா அலுவலகத்தில் யாருக்குப் பழக்கம், வக்கீலுக்கு யாரால் பணம் கட்ட முடியும் என்பவைதான் எழுதாத சொத்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன. இந்த நான்கில் ஒன்றுகூடப் பெரும்பாலும் கணவனை இழந்த தாயிடம் இருப்பதில்லை. கட்டிக்கொடுத்த மகளிடம் இருப்பதில்லை. மனவளர்ச்சி குன்றிய தம்பியிடம் இருப்பதில்லை. ஒரு குடும்பத்தில் குரல் குறைந்தவர்களுக்காக மூத்தவர் பேசிவிட்டுப் போகும் கடைசிப் பேச்சு உயில். அதை மறுப்பது அவர்களைக் கைவிடுவதாகும்.

முதலில், சட்டமே சமமாகக் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம்.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் ஆணின் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகிறது. படிக்க நன்றாகவே இருக்கிறது. இதை ஒரு வீட்டில் வைத்துப் பார்த்தால்தான் கணக்குப் புரியும். மதுரையில் ஒருவர் தன் சம்பாத்தியத்தில் ஒரே ஒரு வீடு கட்டினார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், வயதான தாய் இவர்களை விட்டுவிட்டு இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் மனைவிக்கு ஐந்தில் ஒரு பங்குதான். நகையை அடகு வைத்து அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட வைத்தவள் அவளாக இருக்கலாம். கிரையப் பத்திரத்தில் அவள் பெயர் இல்லாததால் ஐவரில் அவளும் ஒருத்தி, அவ்வளவுதான். வீட்டை விற்க வேண்டுமா, வங்கியில் அடமானம் வைக்க வேண்டுமா, மற்ற நான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

சில ஆண்டுகள் கழித்து மாமியார் காலமாகிறார். அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் பெற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் போகிறது. அதாவது கணவனின் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் இந்தப் பெண் குடியிருக்கும் வீட்டில் உரிமையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டாலே போதும், வீடு ஏலம் வரை போகலாம். வீட்டைக் கட்டியவர் இதை விரும்பியிருப்பாரா? ஒரே ஒரு தாளில் அவர் இதைத் தடுத்திருக்க முடியும்.

அதே சட்டத்தில் இறந்தவரின் தாய் முதல் வகுப்பு வாரிசு. தந்தை அப்படி இல்லை. ஓய்வூதியப் பணத்தை மகனின் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அவன் நிழலில் இருக்கும் தந்தைக்கு, மகன் திடீரென்று இறந்தால், அவன் மனைவியோ பிள்ளையோ தாயோ உயிரோடிருக்கும்வரை பங்கே கிடையாது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் நிலைமை தலைகீழ். பிள்ளையில்லாமல் இறப்பவரின் சொத்தில் மனைவிக்குப் பாதிதான். மீதிப் பாதி உறவினருக்கு. அந்த உறவினர் வரிசையில் தந்தை உயிரோடிருந்தால் தாய்க்கு எதுவும் இல்லை. இஸ்லாமியச் சட்டத்தில் உயில் மூலம் கொடுக்கக்கூடியது மூன்றில் ஒரு பங்குதான். வாரிசுக்கே கொடுக்க வேண்டுமானால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அந்த மூன்றில் ஒன்றையாவது யோசித்துப் பயன்படுத்துகிறோமா என்பது அங்கும் கேட்க வேண்டிய கேள்விதான்.

பெண்ணின் சொத்து என்று வந்துவிட்டால் 'சமம்' என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது. உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணின் சொத்து முதலில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் அடுத்து யாருக்கு? அவளைப் பெற்ற தாய் தந்தைக்கு என்றுதான் எவரும் நினைப்போம். கணவனின் வாரிசுகளுக்கு என்கிறது சட்டத்தின் 15-ஆம் பிரிவு. பெற்றோர் அதற்குப் பிறகுதான். தாய்வீட்டிலிருந்து வாரிசுரிமையில் வந்த சொத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவள் தானாக உழைத்துச் சேர்த்ததற்கு அந்த விதிவிலக்கு இல்லை.

இது எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதற்கு 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு சான்று. 1955-இல் மணமான ஒரு பெண். மூன்றே மாதத்தில் கணவர் இறந்துவிட்டார். புகுந்த வீட்டார் அவளை வெளியேற்றிவிட்டார்கள். பெற்றோர் அவளை வைத்துக் காப்பாற்றிப் படிக்கவைத்தார்கள். அவள் வேலைக்குப் போனாள். வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பணம் சேர்த்தாள். 1996-இல் உயில் எழுதாமல் இறந்தாள். அந்தப் பணத்தைத் தாய் கேட்டார். அவளைத் துரத்திய வீட்டைச் சேர்ந்த, கணவனின் உடன்பிறந்தவளின் பிள்ளைகளும் கேட்டார்கள். சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது அனுதாபத்துக்கு இடமில்லை என்று சொல்லிப் புகுந்த வீட்டாருக்கே கொடுத்தது உச்ச நீதிமன்றம். நாற்பதாண்டு உழைப்பு, அவளுக்கு ஒரு வாய்ச் சோறு போடாதவர்களிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டு சாட்சிகள் முன்னால் அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. 2025 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றம், பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதிவைக்க வேண்டும் என்று தன் உத்தரவிலேயே வேண்டுகோள் விடுத்தது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே வேண்டிக் கேட்கிறது என்றால், சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் இன்னும் எந்தத் தைரியத்தில் இருக்கிறோம்?

சட்டத்தின் பட்டியலில் இடமே இல்லாத உறவுகளும் உண்டு. பிள்ளையில்லாத தம்பதி தங்கை மகளைத் தூக்கி வந்து வளர்க்கிறார்கள். முறைப்படி தத்து எடுத்திருக்க மாட்டார்கள். ஊருக்கெல்லாம் அவள் அவர்கள் மகள். சட்டத்துக்கு அவள் யாரோ. மனைவியின் முதல் மணத்துப் பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாக வளர்த்தவர் இறந்தால் அந்தப் பிள்ளைக்கும் அவர் சொத்தில் இடமில்லை. பதிவுத் திருமணமோ சடங்கோ இல்லாமல் இருபது ஆண்டு கூட வாழ்ந்த துணைக்கு வீட்டுச் சாவியைக் கேட்கும் உரிமைகூட இல்லாமல் போகலாம். படுக்கையில் விழுந்த மாமியாருக்குப் பத்து ஆண்டு பணிவிடை செய்த மருமகளுக்கு மாமியாரின் சொத்தில் நேரடிப் பங்கு எதுவும் கிடையாது. இவர்கள் எல்லோருக்கும் உயில் ஒன்றுதான் வழி.

இவர்களிலும் அதிகம் கவலைப்பட வேண்டியது மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பற்றித்தான். "அண்ணன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிப் பெற்றோர் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். அண்ணன் நல்லவனாகவே இருக்கட்டும். அவன் வேலை இழந்தால்? அவன் முந்திக்கொண்டால்? 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாதுகாவலரை நியமிக்க வழி உண்டு. பிள்ளையின் செலவுக்கென்று ஒரு அறக்கட்டளை ஏற்படுத்தி, இன்ன வருமானம் இன்ன வகையில் அவனுக்கே செலவாக வேண்டும் என்று உயிலில் எழுதவும் வழி உண்டு. இவற்றைச் செய்யாமல், தன் பங்கைத் தானாக ஆள முடியாத பிள்ளைக்குச் சம பங்கு வரும்படி விட்டுவிட்டுப் போவது அவனைப் பாதுகாத்ததாகாது.

அடுத்தது, பிள்ளைகள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்ற வாதம். பேச்சு என்றால் இரண்டு பக்கமும் பேச முடிய வேண்டும். காரியம் முடிந்த பதினாறாம் நாள் கூடத்தில் நடக்கும் பேச்சில் யார் பேசுகிறார்கள்? மூத்த அண்ணன் பேசுகிறார், மாமா பேசுகிறார். மகள் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். "உனக்குச் சீர் செய்தோம், நகை போட்டோம், கல்யாணச் செலவு இவ்வளவு" என்று கணக்கு வாசிக்கப்படுகிறது. பிறகு ஒருநாள் சார் பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போடுகிறாள். மிரட்டி வாங்கிய கையெழுத்து என்று சொல்ல முடியாது. கேட்டால் பிறந்த வீடு இல்லாமல் போகும் என்ற பயம் அவள் கையைப் பிடித்து எழுத வைக்கிறது. நாளை தன் மகளின் சடங்குக்குத் தாய்மாமன் வர வேண்டும். தீபாவளிக்குப் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும். அதற்கு அவள் கொடுக்கும் விலை அது.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாடு அதைச் சட்டமாக்க 1989 வரை ஆனது. அப்போதும் அதற்கு முன்பே மணமான பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் அந்த உரிமை கிடைக்கவில்லை. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்தது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வாதம் 2020-இல் உச்ச நீதிமன்றம் 'தேவையில்லை' என்று சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. தொண்ணூறு ஆண்டுப் போராட்டத்தில் வந்த உரிமை அரைமணி நேரப் பதிவில் கைமாறிப் போகிறது. இதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் தந்தையோ தாயோதான். "இந்த மனை என் மகளுக்கு" என்று அவர் எழுதிவிட்டுப் போனால் மகள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அண்ணனிடம் பங்கு கேட்டவள் என்ற பெயரும் அவளுக்கு வராது. அண்ணனுக்கும் ஊராரிடம் விட்டுக்கொடுத்த சங்கடம் இல்லை. அப்பா சொன்னதைச் செய்தான், அவ்வளவே. கேட்கும் பாரத்தைப் பிள்ளைகளின் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும் பெற்றோர்தான் ஒற்றுமையைக் காப்பாற்றுகிறார்கள்.

உயில்தான் வழக்கைக் கொண்டுவருகிறது என்பார்கள். உயில் இல்லாத வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஒருவர் 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் சொத்து வாங்கினார். அவருக்கு ஒரே மகள். அவர் இறந்தார், மகளும் 1967-இல் பிள்ளையின்றி இறந்தார். சொத்து மகளுக்குப் போனதா, இல்லை தந்தையின் அண்ணன் தம்பி வழிக்குப் போனதா என்று பங்காளிகளுக்குள் தகராறு. விசாரணை நீதிமன்றம், உயர் நீதிமன்றம் எல்லாம் கடந்து, தந்தையின் சுயசம்பாத்தியம் 1956-க்கு முன்பேகூட மகளுக்கு உரியதுதான் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் சொன்னது. சொத்து வாங்கி 84 ஆண்டுகளுக்குப் பிறகு! அந்த மனிதர் தன் ஒரே மகள் பெயரை எழுதி வைத்திருந்தால் இத்தனை பேருடைய ஆயுள் கோர்ட் வாசலில் கழிந்திருக்காது.

உயில்களின் பேரில் வழக்குகள் நடப்பது உண்மைதான். அவை எந்த மாதிரி உயில்கள் என்று பார்க்க வேண்டும். உயிலைச் சுற்றிச் சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலைகள் இருந்தால் அவற்றை நீக்கும் பொறுப்பு, அந்த உயிலைக் காட்டி உரிமை கேட்பவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே தெளிவாக வகுத்துவிட்டது. மருத்துவமனையில் கடைசி வாரத்தில் நடுங்கும் கையில் வாங்கிய கையெழுத்து. சொத்து முழுவதையும் பெறும் மகனே வக்கீலை அழைத்து வந்து, சாட்சியையும் ஏற்பாடு செய்தது. மனைவியையும் மற்ற பிள்ளைகளையும் ஏன் விட்டார் என்று ஒரு வரிகூட இல்லாதது. இப்படிப்பட்ட உயில்கள்தான் நீதிமன்றத்தில் உடைகின்றன. தாமதமும் மறைவும் கொண்டுவரும் வழக்கு அது. அறுபது வயதில், நல்ல உடல்நிலையில், எல்லோருக்கும் தெரிய எழுதிய உயிலை உடைப்பது கடினம்.

சொற்களிலும் கவனம் வேண்டும். "என் மனைவி ஆயுள் உள்ளவரை அனுபவித்து, அவளுக்குப் பின் என் மகனுக்குச் சர்வ சுதந்திர பாத்தியமாக" என்று நம் பத்திர எழுத்தர்கள் வழக்கமாக எழுதுவார்கள். மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்த சொத்து, ஆயுள்கால உரிமை என்று எழுதியிருந்தாலும் அவளுக்கே முழு உரிமையாகிவிடும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எது ஜீவனாம்சத்துக்காக, எது வெறும் கொடை என்பதில் அன்று முதல் வழக்குகள் ஓயவில்லை. மனைவிக்கு முழுதாகக் கொடுக்க நினைத்தால் முழுதாகவே எழுதுங்கள். நாற்பது ஆண்டு குடும்பம் நடத்தியவளை நம்பி ஒரு வீட்டைக் கொடுக்க முடியாதா?

சிலர் வேறு வழி சொல்வார்கள். நாமினி போட்டாகிவிட்டது, இனி உயில் எதற்கு என்பார்கள். பங்குகளிலும் பரஸ்பர நிதிகளிலும் நாமினி என்பவர் பணத்தைப் பெற்று உரியவரிடம் சேர்க்க வேண்டியவர் மட்டுமே. உரிமையாளர் ஆகமாட்டார் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. வங்கி வைப்புக்கும் இதே நிலைதான். ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். போடுங்கள், அது நல்லதே. ஆனால் திருமணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவர் இருபது ஆண்டு கழித்தும் மாற்றாமல் இருந்தால் பணம் ஒருவர் கைக்குப் போகும், உரிமை வேறு பலருக்கு இருக்கும். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே நிற்கும் வழக்குகள் இப்படித்தான் பிறக்கின்றன.

இன்னும் சிலர், உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதிவிடலாம் என்பார்கள். எனக்கு இதில்தான் அதிகக் கவலை. செட்டில்மெண்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடுகிறது. மனம் மாறினால், பிள்ளை மாறினால், நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. எழுதிக் கொடுத்த வீட்டிலேயே ஓர் அறையில் அடைபட்டு, சோற்றுக்கு முகம் பார்க்கும் முதியவர்களை ஊருக்கு ஊர் பார்க்கிறோம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இவர்களுக்கு ஓரளவு துணை நிற்கிறது. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார் என்பதைக் காட்ட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் முதியோருக்குச் சாதகமாகச் சற்றுத் தாராளமாகப் பொருள் கொண்டது. தள்ளாத வயதில் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறித் தன் வீட்டையே திருப்பிக் கேட்கும் நிலை யாருக்கும் வேண்டாம். உயில் எழுதியவருக்கு அந்த நிலை வராது. கடைசி மூச்சு வரை சொத்து அவருடையது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். முத்திரைத் தீர்வையும் கிடையாது.

இனி, உயிலுக்கு எதிரான வாதங்களிலேயே வலுவானதற்கு வருகிறேன். மகளுக்குச் சட்டம் கொடுத்த பங்கைப் பறிக்கத்தான் நம் ஊரில் பலர் உயில் எழுதுகிறார்கள்; உயிலை ஊக்குவித்தால் பெண்கள்தான் நஷ்டப்படுவார்கள் என்று பெண்ணுரிமை பேசுவோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சுயசம்பாத்தியத்தை எவருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கும் உரிமை இந்துத் தந்தைக்கு முழுதாக உண்டு. அந்த உரிமையைக் கொண்டு மகளை ஒதுக்கியவர்கள் ஏராளம். நான் அதை மறைக்கவில்லை.

ஆனால் இதற்குப் பதில் உயிலைக் கைவிடுவதில் இல்லை. மகளை ஒதுக்க நினைக்கும் தந்தை எப்படியும் எழுதத்தான் போகிறார். வக்கீல் வீட்டுக்கு வழி அவருக்குத் தெரியும். நல்ல குடும்பத்துக்கு உயில் எதற்கு என்ற பேச்சை நம்பிச் சும்மா இருந்துவிடுபவர் நல்ல தந்தைதான். ஓரவஞ்சனை உள்ளவர் எழுதுகிறார், நியாயமானவர் எழுதாமல் போகிறார். உயிலுக்குக் கெட்ட பெயர் வந்ததே இப்படித்தான். பூர்வீகச் சொத்தில் தந்தை தன் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும், மகளின் பங்கைத் தொட முடியாது என்பதையும் பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்னொன்று: உயில் எழுதும் உரிமை தந்தைக்கு மட்டும் உரியதல்ல. அம்மா பெயரில் உள்ள வீடு, அம்மாவின் நகை, ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அக்காவின் சேமிப்பு, கணவரை இழந்த சித்தியின் வயல், இவற்றுக்கெல்லாம் உயில் எழுத வேண்டியவர்கள் பெண்கள். அவர்களை நோக்கித்தான் இந்த வாதம் முதலில் போக வேண்டும்.

சொத்து இருப்பவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பத்தாண்டுகளாக யாரும் தொடாத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போகின்றன. 2024 மார்ச் இறுதியில் அதில் இருந்த தொகை 78,213 கோடி ரூபாய். அதில் ஏழை எளியவரின் சிறு சேமிப்பும் உண்டு. வைத்தவருக்கு மட்டும் தெரிந்து, வாரிசுக்குத் தெரியாமல் போன பணம் எவ்வளவோ அதற்குள் கிடக்கும். அரை பவுன் மோதிரம், தபால் நிலையக் கணக்கு, சீட்டுப் பணம், பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த கைமாற்று, இவை வசதியில்லாத வீட்டுக்குத்தான் பெரிய தொகை. பெரிய வீட்டுப் பிள்ளைகளால் வழக்கு நடத்த முடியும். ஒரே ஓட்டு வீட்டுக்கு நான்கு பேர் உரிமையாளர்கள் என்றால் வழக்குச் செலவே வீட்டைத் தின்றுவிடும்.

எழுதுவது கடினமும் இல்லை. வெள்ளைத் தாள் போதும். நல்ல நினைவோடு, எவர் தூண்டுதலும் இல்லாமல் எழுதுகிறேன் என்று சொல்லி, ஒவ்வொரு சொத்தையும் சர்வே எண், கதவு எண், பத்திர எண், கணக்கு எண்ணோடு குறிக்க வேண்டும். யாருக்கு எது, ஏன் அப்படி என்பதற்கு ஒரு வரி வேண்டும். குறைத்துக் கொடுக்கப்பட்டவருக்கு அந்த வரி ஆறுதல். நீதிமன்றத்துக்கு அது விளக்கம். குறிப்பிட மறந்தவையும் இனிமேல் சேர்பவையும் யாருக்கு என்று ஒரு வாக்கியம் வேண்டும். உயிலை நிறைவேற்ற ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். எழுதுபவர் கையெழுத்திடுவதைப் பார்த்து, அவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். நாளை வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், உங்களைவிட இளையவராகவும் உயிலில் எந்தப் பலனும் பெறாதவராகவும் தேர்ந்தெடுங்கள். வயது அதிகமென்றால் அன்றைய தேதியில் மருத்துவரின் சான்று ஒன்றை இணையுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் தொலைந்தது, மாற்றப்பட்டது என்ற பேச்சுக்கு இடம் தராமல் இருக்கப் பதிவு செய்வது நல்லது. யாருக்கும் தெரியக்கூடாது என்றால் உறையில் முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடும் பதிவுச் சட்டத்தில் உண்டு. வீட்டில் ஒரு திருமணம், ஒரு பிறப்பு, ஒரு இறப்பு, ஒரு கிரையம் நடந்தால் எடுத்துப் படித்துப் பார்த்துத் திருத்துங்கள்.

எழுதிய பிறகு பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லுங்கள். ஒருவர் முகம் வாடினால், விளக்கம் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். நீங்கள் இல்லாத நாளில் அந்த வாட்டம் பகையாகிவிடும்.

உயில் அச்சானியம் என்பவர்களிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் எனக்கு உண்டு. ஆயுள் காப்பீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோமே, அது எதை நினைத்து? நமக்குப் பின் குடும்பம் தெருவில் நிற்கக்கூடாது என்றுதானே? அதே கவலையில், அதே அன்பில், ஒரு படி மேலே போய்ச் செய்ய வேண்டியது உயில்.

ஆகவே வாசகரிடம் என் வேண்டுகோள் இது. இந்த வாரம் ஒரு தாளை எடுத்து உங்களுக்கு என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்து, நீங்கள் இல்லாத நாளில் உங்கள் வீட்டில் யாருடைய பேச்சு எடுபடாமல் போகும் என்று யோசியுங்கள்; மனைவியா, மகளா, வளர்த்த பிள்ளையா, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையா. உயிலில் முதல் பத்தியை அவருக்காக எழுதுங்கள். மற்றவர்கள் தங்கள் பங்கைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அவருக்காகக் கேட்க உங்களை விட்டால் ஆள் கிடையாது.